பதில் வராதவர்கள்

5 ஓகஸ்ட் 1935, திங்கள். தைப்பிங், மலாயா.

பள்ளிக்கூடம் விட்டு ஆசிரியைகள் விடுதிக்கு வந்தபோது என் மேசையில் நீளமான உறை ஒன்று கிடந்தது. அரசாங்க முத்திரை போட்டது. சமையல்காரி ஆ குவாய் மீன் கழுவிக்கொண்டிருந்த கையாலேயே அதை வாங்கி வைத்திருக்கிறாள். ஒரு மூலை நனைந்து மணந்தது.

மூன்று முறை வாசித்தேன். பிள்ளைகளுக்கு இருபத்தெட்டு வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்கே மூன்று முறை வேண்டியிருந்தது. விஷயம் இதுதான்: ஐந்து வருடத்துக்கு முன் ஈயமும் ரப்பரும் விலை விழுந்து அரசாங்கம் முட்டுப்பட்டபோது, ஐந்தாண்டுத் தவணைக்குப் பொதுமக்களிடம் கடன் வாங்கியது. என் சேமிப்பு முழுவதையும், ஆறாயிரம் டொலர், அதில்தான் போட்டிருக்கிறேன். வருகிற ஒக்டோபர் முதலாம் திகதி தவணை முடிகிறது. இப்போது அந்தப் பணத்தைத் திருப்பி வாங்காமல், முப்பது வருடம் கழித்து முதிரும் ஸ்டாக்காக, அதாவது நீண்டகாலக் கடன் பத்திரமாக, மாற்றிக்கொள்ளும்படி கேட்கிறார்கள். வட்டி ஐந்து வீதத்திலிருந்து மூன்றரைக்கு இறங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து சேரும். காசுதான் வேண்டும் என்பவர்கள் செப்டெம்பர் பதினாறாம் திகதி மாலை நான்கு மணிக்கு முன் படிவம் நிரப்பித் திறைசேரியில் கொடுக்க வேண்டும். அதற்குள் பதில் வராதவர்கள் மாற்றத்துக்குச் சம்மதித்தவர்களாகக் கொள்ளப்படுவர்.

முப்பது வருடம் கழித்து எனக்கு எண்பத்திரண்டு வயது. எழுதிய துரை இளம் வயதுக்காரராக இருக்க வேண்டும்.

எனக்குக் காசுதான் வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. டிசெம்பரோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு. ஜனவரிக் கப்பலில் ஊருக்குப் போகிறேன். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வீடு இருக்கிறது, தம்பி அரியம் இருக்கிறான், அவன் மகள் இரஞ்சிதத்துக்குக் கலியாணம் பேசுகிறார்கள். காசுக்கு அங்கே வேலை இருக்கிறது.

மூன்றாம் வகுப்புத் தையல் துணிகள் இன்னும் திருத்தவில்லை.

7 ஓகஸ்ட், புதன்.

மழை. குடைக் கம்பி ஒன்று முறிந்தது.

9 ஓகஸ்ட், வெள்ளி.

திறைசேரிக்குப் போனேன். கடன் பகுதியில் இருப்பவர் இளையதம்பி என்ற காரைநகர்ப் பையன். பையன் என்று எழுதுகிறேன், முப்பது வயதிருக்கும். மனைவி பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லையாம். சட்டைக் கழுத்தைப் பார்த்தால் தெரிகிறது, தானே தோய்த்துத் தானே இஸ்திரிப்பெட்டி பிடித்து மினுக்குகிறார்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டேன். கடன் கொடுத்தவர்கள் எல்லாம் ஒரே நாளில் திருப்பிக் கேட்டு வந்து நிற்பார்கள், அவ்வளவு காசு பெட்டகத்தில் இல்லை, அதனால் அவசரக் கடனை மெதுவாகத் தீர்க்கிற ஆறுதலான கடனாக மாற்றுகிறார்கள் என்றார். கடனை மாற்ற ஆட்கள் சம்மதிப்பார்களா என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கனபேர் கடுதாசியை வாசிக்கவே மாட்டினம், ரீச்சர். சும்மா இருந்தால் சம்மதம் எண்டுதானே போட்டிருக்கு. துரைமார் நம்பியிருக்கிறது அந்தச் சும்மா இருக்கிற ஆக்களைத்தான்."

எனக்குக் காசு வேண்டும் என்று சொன்னேன். வெளிநாட்டு வங்கிக்கு மாற்றுவதானால் வேறு படிவம் என்று அதை எடுத்துத் தந்தார். அங்கேயே நிரப்பச் சொன்னார். மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்தேன்.

15 ஓகஸ்ட், வியாழன்.

அரியத்தின் கடிதம். வழக்கத்தைவிட நீளம். மாப்பிள்ளை கொழும்பில் ரெயில்வே எழுதுவினைஞர், நல்ல குடும்பம், கோயிலுக்குத் தவறாமல் போகிறவராம். ஐயாயிரம் ரூபாய் ரொக்கமும் வீடும் கேட்கிறார்கள். ரொக்கத்துக்கு என் பணத்தை நம்பியிருக்கிறான். அது எனக்கு முன்னமே தெரியும். வீட்டை இரஞ்சிதத்தின் பெயருக்கு எழுத ஓகஸ்ட் கடைசியில் உறுதி முடிக்கிற நொத்தாரிசிடம் போகிறானாம். சீதனமாக வீடு கொடுப்பது ஊர் வழக்கம்தானே. இருக்கிறது ஒரே வீடு.

கடைசியில் எழுதியிருக்கிறான்: "அக்கா வந்தால் இருக்க இடமில்லாமலா போகும்."

அன்பாக எழுதியிருக்கிறான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு நல்ல கையெழுத்து.

16 ஓகஸ்ட், வெள்ளி.

படிவம் நிரப்பினேன். மை கொட்டிவிட்டது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.

21 ஓகஸ்ட், புதன்.

இன்று விடுமுறை. பெட்டியிலிருந்த படங்களை வெயிலில் வைத்தேன். ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது.

வீட்டின் படம் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. கல்வீடு, முன்னுக்கு இரண்டு தூண், ஓட்டுக் கூரை. மாதாமாதம் நான் அனுப்பியதில் ஏறிய சுவர்கள். இருபத்தாறில் லீவில் போனபோது சுவர் யன்னல் உயரத்தில் நின்றது. தென்பக்கத்து அறைக்குள் வானத்தின் கீழ் நின்று பார்த்தேன். அரியம் சொன்னான், "அக்கா, இது உங்கடை அறை, கடல்காத்து நல்லா வரும்." கூரை போட்டு ஒன்பது வருடமாகிறது. அந்த அறைக்குள் எப்படிக் காற்று வருகிறது என்று எனக்குத் தெரியாது.

எனக்கு இருபத்துநாலு வயதில் ஐயா, எங்கள் தகப்பனார், செத்துப்போனார். எனக்கென்று வைத்திருந்த தோட்டக் காணியை விற்றுத்தான் அரியத்தைக் கொழும்பில் படிக்க வைத்தார்கள். பெரியப்பா விற்பனை உறுதிப் பத்திரம் எழுதுகிற அன்று எல்லோர் முன்னிலும் என்னைக் காட்டிக் கேட்டார், நேசம்மாவுக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லையே என்று. நான் பேசாமல் நின்றேன். நல்ல பிள்ளை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்த வருடமே இங்கே வேலை கிடைத்துக் கப்பலேறினேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அரியம் நன்றாகப் படித்தான். அதில் குறையொன்றும் இல்லை.

மத்தியானத்துக்குமேல் மழை. படங்களை ஓடி எடுத்தேன்.

27 ஓகஸ்ட், செவ்வாய்.

இம்முறை அரியத்தின் மனைவி பரிமளம் எழுதியிருக்கிறாள். அவள் எனக்கு எழுதுவது அபூர்வம். மாப்பிள்ளைக்கு யாழ்ப்பாண ஸ்டேஷனுக்கு மாற்றம் கிடைத்திருக்கிறதாம், இரஞ்சிதமும் அவரும் அந்த வீட்டில் இருக்கப்போகிறார்கள். மாப்பிள்ளையின் தாயும் சில காலம் கூட இருப்பாவாம். அரியமும் பரிமளமும் அவளுடைய தாய்வீட்டுக்கு மாறுகிறார்கள், அது சின்ன வீடு. ஊரில் மிஷன் பெண்கள் விடுதியில் வயதான ரீச்சர்மாருக்கென்று அறைகள் உண்டு, ஒன்று காலியாக இருக்கிறது, மச்சாளுக்கு அந்தச் சூழல்தான் பிடிக்கும், வேளைக்கு மணியடிப்பார்கள் என்று எழுதியிருக்கிறாள்.

உண்மைதான். எனக்கு மணிச் சத்தத்தில் எழும்பித்தான் பழக்கம்.

ஆ குவாய் இன்று கத்தரிக்காயைக் கருக்கிவிட்டாள். நான் சத்தம் போட்டேன். பிறகு கவலையாக இருந்தது. அவள் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

1 செப்டெம்பர், ஞாயிறு.

ஆராதனை முடிந்து ஏரிப் பூங்காவில் நடந்தேன். இளையதம்பி மர வாங்கு ஒன்றில் தனியே இருந்து கச்சான் கடலை உரித்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று மரியாதை செய்தார். நானும் அதே வாங்கில் இருந்தேன்.

புதிய படிவம் வாங்க வருவதாகச் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தார். கொடுத்த படிவம் திரும்பி வராததைக் கண்டு எனக்கென்றே மடித்து வைத்திருந்திருக்கிறார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, கேட்டேன். ஸ்டாக்காக மாற்றிய ஒருவர் நடுவில் காசு கேட்டால் கொடுப்பார்களா? அரசாங்கம் முப்பது வருடத்துக்குக் கொடுக்காது, சந்தையில் விற்கலாம், ஆனால் இப்போது விற்றால் நூறு டொலர்ப் பத்திரம் எண்பத்தைந்துக்குக்கூடப் போகாது என்றார். வீட்டார் வற்புறுத்திக் கேட்டாலுமா என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆர் கேட்டாலும் அப்பிடித்தான், ரீச்சர். வட்டி மட்டும் உங்கடை கைக்கு வரும். முதல் அரசாங்கத்திட்டைக் கிடக்கும்."

பொதுவாகத்தான் கேட்டேன் என்றேன். பாலத்தடியில் ஒரு சீனக் குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. குழந்தை அசைந்துகொண்டே இருந்ததால் படக்காரன் துணிக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தான். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

6 செப்டெம்பர், வெள்ளி.

அரியத்தின் தந்தி. "பணம் எப்போது. நாள் குறிக்க வேண்டும்." பதில் எழுத நேரமில்லை. அடுத்த கிழமை பள்ளிக்கூடப் பரிசோதகர் வருகிறார், வரவுப் பதிவுகள் எல்லாம் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

11 செப்டெம்பர், புதன்.

பரிசோதகர் வந்து போனார். என் வகுப்பின் பாட்டைப் புகழ்ந்தார். தலைமை ஆசிரியை மிஸ் ஹார்ட்லி எல்லோர் முன்னும் சொன்னா, மிஸ் நேசம்மா போன பிறகு இந்தப் பள்ளிக்கூடம் பழைய மாதிரி இருக்காது என்று. அடுத்த நிமிஷமே என் விடுதி அறைக்கு ஜனவரியில் வரப்போகும் புது ரீச்சரைப் பற்றிப் பேசத் தொடங்கினா. யன்னலுக்குப் பச்சைத் திரை போடலாமா என்று கேட்டா. போடலாம் என்றேன்.

படிவத்தை நிரப்பிவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று. கைப்பைக்குள் இருக்கிறது. நாளை கொடுக்க வேண்டும்.

12 செப்டெம்பர், வியாழன்.

மழை.

13 செப்டெம்பர், வெள்ளி.

தடிமன், மூக்கு ஒழுகுகிறது. மிளகு போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தேன்.

14 செப்டெம்பர், சனி.

காலையில் வெளிக்கிட்டேன். திறைசேரி வாசல்வரை ரிக்ஷாவில் போனேன். உள்ளே நல்ல சனம். சனிக்கிழமை அரைநாள்தானே. திங்கட்கிழமை ஆறுதலாக வரலாம் என்று அப்படியே சந்தைக்குப் போகச் சொன்னேன். கீரை வாங்கினேன். ஒரு நல்ல கேக் அச்சும் வாங்கினேன், தேவையென்று இல்லை.

16 செப்டெம்பர், திங்கள்.

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே திறைசேரிக்குப் போவதாகத்தான் இருந்தேன். பசித்தது. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று விடுதிக்கு வந்தேன். சாப்பிட்டு எழும்ப மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊர் மழை தெரிந்ததுதானே, எதிர்வீடு தெரியாது. யன்னலடியில் இருந்து பிள்ளைகளின் தையல் துணி திருத்தினேன்.

மூன்று மணிக்குப் பிறகு சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. இளையதம்பி. மழைக்கோட்டு போட்டும் முழங்காலுக்குக் கீழே முழுக்க நனைந்திருந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்:

"ரீச்சர், உங்கடை படிவம் வரேல்லை. நீங்கள் காசு எண்டு சொன்னனீங்கள். மறந்துபோனியளோ எண்டு துரையிட்டைக் கேட்டுப்போட்டு வந்தனான். கையெழுத்தைப் போட்டுத் தாங்கோ, நான் கொண்டுபோய்க் குடுக்கிறன். நாலு மணிக்கு மூடிப்போடுவம்."

எனக்காக இந்த மழையில் ஒருவர் வந்திருக்கிறார். உள்ளே வந்து இருக்கச் சொன்னேன். நேரமில்லை என்றார். ஈரத்தோடு நின்றால் காய்ச்சல் வரும், இரும் தம்பி என்று துவாயைக் கொடுத்தேன். ஆ குவாயிடம் தேத்தண்ணி போடச் சொன்னேன்.

குழந்தையைப் பற்றி விசாரித்தேன். மகளாம், தவழத் தொடங்கிவிட்டாளாம். அவர் இன்னும் முகம் பார்க்கவில்லை. படம் இருக்கிறதா என்றேன். பணப்பையிலிருந்து எடுத்துத் தந்தார். பெரிய கண். தாய் மடியில் பிடித்திருக்கும் கை மட்டும் தெரிகிறது, தாயின் முகம் படத்தில் இல்லை. பெயர் என்னவென்று கேட்டேன். மனைவி எழுதிய கடிதங்களைப் பற்றி, குழந்தை இருமினால்கூட அதை ஒரு பக்கம் எழுதுவாள் என்று சொன்னார். சொல்லத் தொடங்கியதும் அவருக்கே நிறுத்த முடியவில்லை. அவரை யாரும் இதெல்லாம் கேட்பதில்லைப்போல. கேக் வெட்டி வைத்தேன். சாப்பிட்டார்.

கைப்பை எங்கள் இருவருக்கும் நடுவில் கதிரையில் இருந்தது.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"ரீச்சர், இப்ப வெளிக்கிட்டால்தான் சரி."

"மழை விடட்டும், தம்பி."

"எனக்கு மழை பழக்கம். படிவத்தைத் தாங்கோ."

அப்போது நான் சொன்னேன், "அதை எங்கை வைச்சன் எண்டு தெரியேல்லை."

பையின் வாய் திறந்துதான் இருந்தது. காகிதத்தின் மஞ்சள் ஓரம் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு என்னைப் பார்த்தார். நான் மேசைவிரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன்.

அவர் மழைக்கோட்டைத் திரும்பவும் கதிரை முதுகில் போட்டார். இருந்தார்.

"இன்னொரு கோப்பை தேத்தண்ணி இருக்கோ, ரீச்சர்?"

இருந்தது. இரண்டு பேரும் குடித்தோம். காரைநகரில் மழை பெய்தால் எப்படி இருக்கும் என்று சொன்னார். மணற்பாங்கு, பெய்த சுவடே தெரியாதாம். நான் பண்டத்தரிப்பைப் பற்றிச் சொன்னேன், எனக்குத் தெரிந்தவரை. மணிக்கூண்டில் நான்கு அடித்தது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் அடித்து முடியும்வரை இருவருமே என்ன பேசினோம் என்று எனக்கு நினைவில்லை.

போகும்போது வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அப்ப உங்களைப் பதில் வராத ஆக்களோடை சேர்க்கிறன்."

"சேருங்கோ," என்றேன்.

அவர் போன பிறகு படிவம் அகப்பட்டது. பையில்தான் இருந்திருக்கிறது. எனக்கு இப்போதெல்லாம் ஞாபகம் சரியில்லை.

17 செப்டெம்பர், செவ்வாய்.

நல்ல வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

2 ஒக்டோபர், புதன்.

அரியத்துக்கு எழுதினேன். திகதி கடந்துவிட்டது, அரசாங்கம் பணத்தை நீண்டகால ஸ்டாக்காக மாற்றிவிட்டது, இனி முப்பது வருடத்துக்கு முதலைத் தொட முடியாது, எனக்கும் வருத்தம் என்று எழுதினேன். எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. ஐந்து முறை கிழித்து எழுதினேன். கடைசியாக எழுதியதுதான் எல்லாவற்றிலும் சின்னது.

இரஞ்சிதத்துக்கென்று என் இரண்டு காப்புகளையும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அம்மா போட்டிருந்தவை. கை வெறுமையாக இருக்கிறது, கரும்பலகையில் எழுதச் சோக்குப் பிடிக்கும்போது சத்தம் வரவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை கவனித்துவிட்டுக் கேட்டாள். திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

24 ஒக்டோபர், வியாழன்.

அரியத்தின் பதில்.

ஒரு பக்கம்தான். "அக்காவைப் போலப் படித்த ஒருவருக்குத் திகதி தெரியாமல் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு சொல் எழுதியிருக்கலாம். நான் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல் கொடுத்துவிட்டேன். அக்கா என்றைக்காவது எனக்கு இல்லையென்று சொல்லியிருந்தால், நான் கேட்டிருக்கவே மாட்டேன்."

அந்தக் கடைசி வரியைப் பல முறை வாசித்தேன். அவன் சொல்வது நியாயம். நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று ஆ குவாயிடம் சொன்னேன். அவள் கஞ்சி வைத்துக்கொண்டு வந்து நான் குடிக்கும்வரை நின்றாள்.

3 நவம்பர், ஞாயிறு.

கோயிலுக்குப் போகவில்லை.

10 நவம்பர், ஞாயிறு.

போனேன். போதகர் சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன்.

19 நவம்பர், செவ்வாய்.

இளையதம்பி பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தார். அவருடைய மனைவி எழுதியிருக்கிறாளாம், பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டில் கலியாணம் நடந்ததாக. பரிமளத்தின் பனங்காணியை விற்றுப் பாதி ரொக்கம் கொடுத்தார்களாம், மீதிக்கு மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துக்கொண்டார்களாம். எனக்குச் செய்தி வந்திருக்கும் என்று நினைத்துத்தான் அவர் பேச்செடுத்தார். என் முகத்தைப் பார்த்ததும் சங்கடப்பட்டார்.

நல்ல செய்தி என்றேன். நல்ல செய்திதான். நான் அனுப்பாமலே கலியாணம் நடந்திருக்கிறது. ஆறுதலாக இருக்க வேண்டும். ஆனால் அந்தக் காணி பரிமளத்துடையது, அவள் தாய் கொடுத்தது. உறுதி எழுதும்போது அவளிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். விடுதி அறையைப் பற்றி அவள் எழுதியபோது எனக்கு வந்த கோபத்தை இப்போது தேடிப் பார்த்தால் கிடைக்கவில்லை.

5 டிசெம்பர், வியாழன்.

இரஞ்சிதத்தின் கடிதம். காப்பு அளவாக இருக்கிறதாம். மாமியைச் சின்ன வயதில் பார்த்த ஞாபகம் மங்கிவிட்டது, இப்போது முகம் படத்தில் மட்டும்தான், ஆனால் கையைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன் என்று எழுதியிருக்கிறாள். வீட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறாள், புதுப்பெண்தானே. முன்வாசலுக்குச் சாம்பல் நிறம் பூசியிருக்கிறார்கள். தென்பக்கத்து அறையில் அவருடைய சைக்கிளும் அவளுடைய தையல் மெஷினும் நிற்கின்றன. அங்கே காற்று நல்லாக வரும், தைக்கும்போது துணியெல்லாம் பறக்கும், யன்னலைச் சாத்திக்கொண்டுதான் தைக்கிறாள்.

வரச் சொல்லி எழுதவில்லை. வரவேண்டாம் என்றும் எழுதவில்லை.

உடனேயே பதில் எழுதினேன். யன்னலை ஒரு பக்கம் மட்டும் சாத்திப் பார்க்கச் சொன்னேன்.

14 டிசெம்பர், சனி.

இளையதம்பி விடைபெற வந்தார். கோலாலிப்பிசுக்கு மாற்றம். தூரம், காட்டு ஊர். ஆனால் அங்கே அரசாங்க வீடு கொடுக்கிறார்களாம், பெப்ரவரியில் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடுகிறார். சொல்லும்போது சந்தோஷத்தை மறைக்கப் பார்த்தார். முடியவில்லை.

என் ஸ்டாக் பத்திரத்தைத் தானே கொண்டுவந்திருந்தார். தடித்த காகிதம். விளிம்பில் கொடியும் இலையும். என் பெயர் முழுதாக எழுதியிருக்கிறது, ஹரியற் நேசம்மா வேலுப்பிள்ளை. முதிரும் ஆண்டு 1965. மாவட்டத்தில் பத்தில் ஏழு பங்குப் பணம் மாறிவிட்டதாம், துரைக்கு நல்ல பெயராம். அதில் வாய் திறந்து சம்மதம் சொன்னவர்கள் கொஞ்சம்தானாம்.

வாசலில் நின்று, "ரீச்சர், நான் அண்டைக்கு மழையிலை வந்தது பிழையோ?" என்று கேட்டார்.

"நீர் வராட்டில் நான் தனிய இருந்திருப்பன், தம்பி," என்றேன்.

இந்த வருடத்தில் நான் பிறரிடம் சொன்ன உண்மைகளில் இது ஒன்று. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளிவாசல்வரை நடந்துதான் போனார், ஏறிப் போகவில்லை.

23 டிசெம்பர், திங்கள்.

இந்த ஊரிலேயே வாடகைக்கு வீடு பார்த்தாயிற்று. ரெயில் பாதைக்குப் பின்னால், ஒரு பஞ்சாபிப் பால்காரரின் வீட்டில் பாதி. ஒரு அறை, சமையலுக்கு ஒரு குசினி, ஒரு வாசல். பள்ளிக்கூடத்து ஓய்வு உபகாரச் சம்பளமும் ஸ்டாக் வட்டியும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் காணும். ஐந்து வீதமாக இருந்திருந்தால் துணிமணிக்கும் போதுமாக இருந்திருக்கும்.

ஆ குவாய் என்னோடு வரமாட்டாள். விடுதி அவளுக்கு வசதி, புது ரீச்சர் அதிகச் சம்பளம் கொடுக்கலாம். அவளுக்கும் காசு அனுப்பச் சீனாவில் ஆட்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டு வருடமாக இருவரும் அரைகுறை மலாயில் பேசியிருக்கிறோம். எனக்கு அவளிடம் சொல்ல வேண்டியதற்கு அந்த மலாயில் சொற்கள் இல்லை. அவளும் அப்படித்தான் நின்றாள். அரிசி அளக்கிற சுண்டுப் பேணியை என் சாமான்களுக்குள் வைத்துவிட்டாள், அது விடுதிக்குரியது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

25 டிசெம்பர், புதன்.

நத்தார். மிஸ் ஹார்ட்லி வீட்டில் தேநீர். எல்லோரும் எப்போது கப்பல் என்று கேட்டார்கள். இன்னும் முடிவாகவில்லை என்றேன். எட்டுத் தடவையாவது சொல்லியிருப்பேன். ஒன்பதாவது ஆள், சங்கீத ரீச்சர், கேட்டபோது, "நான் போகேல்லை, இங்கைதான் இருக்கப்போறன்," என்று சொன்னேன். அவ "ஓ, நல்லது" என்று சொல்லிவிட்டுப் பலகாரத் தட்டை நீட்டினா. அவ்வளவுதான். அதைச் சொல்ல நான் இவ்வளவு பயந்திருக்கத் தேவையில்லை.

30 டிசெம்பர், திங்கள்.

சாமான்களை மாற்றினேன். ஒரு மாட்டுவண்டி காணுமாக இருந்தது, அதிலும் இடம் கிடந்தது. புது வீட்டில் இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது, படுக்க ஒன்றுமில்லை என்று. இருபத்தெட்டு வருடமும் பள்ளிக்கூடத்துக் கட்டிலில்தான் படுத்திருக்கிறேன். இரண்டு முழம் அகலம் கூடக் குறைய, இரும்பு, திரும்பிப் படுத்தால் கிறீச்சென்று பக்கத்து அறைக்குக் கேட்கும். ஒருநாளும் சொந்தமாக வாங்க நினைத்ததில்லை. கட்டிலைக் கப்பலில் ஏற்ற முடியாதே.

பெரிய தெருவில் ஹைனான் சீனர் ஒருவரின் தளபாடக் கடைக்குப் போனேன். ஒற்றைக் கட்டிலா இரட்டைக் கட்டிலா என்று கேட்டார். நான் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை பேர் என்று விரலைக் காட்டிக் கேட்டார். ஒரு விரலைக் காட்டினேன். அவர் ஒற்றைக் கட்டில் பக்கம் நடந்தார். நான் பின்னால் போகாமல் நின்ற இடத்திலேயே நின்றேன். திரும்பிப் பார்த்தார். பெரியதைக் காட்டி, இதுதான் வேண்டும் என்றேன். விலையைச் சொல்லி எச்சரிப்பதுபோல் பார்த்தார். தேக்கு, கனம், பிறகு வேறிடம் கொண்டுபோவது கஷ்டம் என்றார். எங்கும் கொண்டுபோக மாட்டேன் என்றேன்.

நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலால் நுழையவில்லை, கால்களைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டினார்கள். அறையில் நடக்க ஒரு ஓரம்தான் மிச்சம். பால்காரரின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் எப்போது வருகிறார் என்று கேட்டாள். நான் மட்டும்தான் என்றேன். அவள் கட்டிலை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், ஒரு செம்பு பால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துப் பார்த்தேன். முதலில் பழக்கத்தில் சுவரோரமாகப் படுத்தேன். பிறகு நடுவுக்கு வந்தேன். கையிரண்டையும் நீட்டினேன், கால்களை அகட்டினேன். ஒரு பக்கத்து விளிம்பும் விரலுக்கு எட்டவில்லை.

ரெயில் ஒன்று போனது. கட்டில் அசையவில்லை.